சைலன்ட் ஹில் 2: அறிவிப்புக்கும் வெளியீட்டுக்கும் நடுவே ரசிகர்கள் பட்ட பாடு

ஒரு பொதுக் கழிப்பறை. சுவரெல்லாம் கறை. கண்ணாடி முன்னால் ஒருவன் நின்று தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். கையால் முகத்தைத் தடவிக்கொள்கிறான். பிறகு வெளியே வருகிறான். கீழே ஏரி, அதற்கு மேல் மூடுபனி. 2001 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த 'சைலன்ட் ஹில் 2' என்ற திகில் வீடியோ விளையாட்டு இப்படித்தான் தொடங்கும். அவன் பெயர் ஜேம்ஸ் சண்டர்லேண்ட். மூன்று வருடம் முன்பு நோயில் இறந்துபோன மனைவி மேரியின் பெயரில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. முன்பு இருவரும் சேர்ந்து போன ஊரில், தங்களுக்கென்று இருந்த இடத்தில் காத்திருப்பதாக எழுதியிருக்கிறாள். செத்துப்போனவள் கடிதம் போட மாட்டாள் என்பது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அதே கழிப்பறை, அதே கண்ணாடி 2024 அக்டோபர் 8 அன்று பிளேஸ்டேஷன் 5-இலும் கணினியிலும் மறுபடி வந்தது. செய்தவர்கள் போலந்தின் கிராக்கோவ் நகரில் இருக்கும் புளூபர் டீம் என்ற நிறுவனம். ரீமேக் வரப்போகிறது என்று 2022 அக்டோபரில் இந்தத் தொடரின் சொந்தக்கார நிறுவனமான கொனாமி அறிவித்த நாளிலிருந்து கையில் கிடைத்த நாள் வரை ரசிகர்கள் எதற்கெல்லாம் பயந்தார்கள், அதில் எது நடந்தது, எது நடக்கவில்லை, யாருமே பயப்படாத எது கைவிட்டுப் போனது என்பதைப் பார்ப்பதற்குத்தான் இந்த ஆய்வு. கதையின் முடிச்சை அவிழ்க்காமல் இதை எழுத முடியாது. விளையாடாதவர்கள் முதலில் விளையாடிவிட்டு வந்தால் நல்லது.

அசல் என்ன செய்தது?

கொனாமிக்குள் இருந்த 'டீம் சைலன்ட்' என்ற சிறு குழு செய்த விளையாட்டு இது. இயக்கம் மசாஷி ட்சுபோயாமா, கதை வசனம் ஹிரோயுகி ஒவாகு, அரக்கர்களை வரைந்தது மசாஹிரோ இட்டோ, இசையும் ஒலியும் அகிரா யமவோகா. திகில் விளையாட்டு என்றால் வெளியிலிருந்து ஏதோ ஒன்று வந்து நம்மைத் துரத்தும் என்பது அன்றைய வழக்கம். இங்கே துரத்துவதெல்லாம் ஜேம்ஸின் மனதுக்குள்ளிருந்தே வருகிறது. மேரி மூன்று வருடம் முன்பு சாகவில்லை. படுக்கையில் கிடந்த அவளைத் தலையணையால் அமுக்கிக் கொன்றது அவன்தான். அதை அவனே மறந்துவிட்டான். தலையில் இரும்புக் கூம்போடு பெரிய கத்தியை இழுத்துக்கொண்டு வரும் பிரமிட் ஹெட், தண்டனை வேண்டும் என்று அவன் மனம் கேட்டு வரவழைத்துக்கொண்ட உருவம்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. இந்த விளையாட்டு, ஆடுபவரைச் சத்தமில்லாமல் கவனித்துக்கொண்டே இருக்கும். எந்த முடிவு வரும் என்று உங்களிடம் கேட்காது. அடிபட்டால் உடனே மருந்து போட்டுக்கொள்கிறீர்களா, ரத்தக் காயத்தோடு அலைகிறீர்களா என்று பார்க்கும். ஏஞ்சலா என்ற பெண் ஜேம்ஸிடம் கொடுத்துவிட்டுப் போகும் கத்தியைப் பையிலிருந்து எத்தனை தடவை எடுத்துப் பார்க்கிறீர்கள், மேரியின் படத்தைப் பார்க்கிறீர்களா, மேரியைப் போலவே இருக்கும் மரியா மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும்போது திரும்பிப் போய் எட்டிப் பார்க்கிறீர்களா, எல்லாம் கணக்கில் ஏறும். கடைசியில் அந்தக் கணக்குப்படிதான் ஜேம்ஸின் கதி.

நான் முதல் தடவை ஆடியபோது ஜேம்ஸ் காரோடு ஏரியில் மூழ்கிப் போனான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. பின்னால் தேவைப்படும் என்று மருந்தையெல்லாம் சேர்த்து வைக்கும் பழக்கம் எனக்கு. மணிக்கணக்கில் அவனைக் காயத்தோடு நடக்க விட்டிருக்கிறேன். பிழைக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாதவன் இவன் என்று விளையாட்டு முடிவு கட்டிவிட்டது. கஞ்சத்தனத்தால் ஒருவனைச் சாகவிட்டேன் என்ற நினைப்பு பல நாள் என்னை விட்டுப் போகவில்லை. ரீமேக் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வந்த முதல் பயம் இதைப் பற்றித்தான். இந்தக் கண்ணுக்குத் தெரியாத கணக்கை எடுத்துவிட்டு, 'இதைச் செய்யவா, அதைச் செய்யவா' என்று திரையில் இரண்டு பொத்தானைக் காட்டிவிட்டால் என்ன செய்வது?

பழைய காயங்கள்

பழசைத் தொட்டாலே குறை சொல்லும் கூட்டம் என்று ரசிகர்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. சைலன்ட் ஹில் விஷயத்தில் அது நியாயமே இல்லை. இவர்கள் ஏற்கெனவே சூடு கண்டவர்கள்.

2012 மார்ச்சில் 'சைலன்ட் ஹில் எச்டி கலெக்‌ஷன்' வந்தது. இரண்டாம், மூன்றாம் பாகங்களைப் புதிய கருவிகளுக்கு மெருகேற்றித் தருவதாகச் சொன்னார்கள். நடந்தது என்னவென்றால், கொனாமியிடம் வெளியான பதிப்பின் மூல நிரல் முழுமையாக இல்லை. முடிவடையாத ஒரு பழைய நிலையின் நிரலைத்தான் கொடுத்தார்கள். அசல் குழு கடைசி நேரத்தில் சரிசெய்த பிழைகளை இவர்கள் மறுபடி முதலிலிருந்து தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. மூடுபனி மெலிந்துபோனது. பனிக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டிய நில விளிம்புகள் பல்லிளித்தன. ஊருக்குள் ஒரு பண்ணையின் பெயர்ப் பலகை உண்டு. அசலில் துருப்பிடித்து, எழுத்து தேய்ந்து, பார்த்தாலே மனதுக்கு ஒரு மாதிரி இருக்கும். எச்டி பதிப்பில் அதே பலகையில் காமிக் சான்ஸ் எழுத்துருவில் ஊர்ப் பெயர் பளிச்சென்று இருந்தது. குழந்தைகள் பிறந்தநாள் அழைப்பிதழில் வரும் எழுத்து. அந்த ஒரு பலகையின் படம் இன்று வரை சுற்றிக்கொண்டிருக்கிறது. பிழைகளைத் திருத்தும் பேட்ச் பிளேஸ்டேஷன் 3-க்கு மட்டும் வந்தது. எக்ஸ்பாக்ஸ் 360-க்குத் தரப்போவதில்லை என்று கொனாமி கைவிரித்துவிட்டது.

மூடுபனிக்கு இவ்வளவு அழுகையா என்று கேட்கலாம். 1999-இல் வந்த முதல் பாகத்தில், பிளேஸ்டேஷன் 1-ஆல் தூரத்துக் கட்டடங்களை வரைய முடியாத குறையை மறைக்கத்தான் பனி வந்தது. இரண்டாம் பாகத்துக்குள் அது ஊரின் மூச்சாகிவிட்டது. நாலடி தள்ளி என்ன இருக்கிறது என்று தெரியாது. பையில் இருக்கும் உடைந்த ரேடியோ இரையத் தொடங்கினால் பக்கத்தில் ஏதோ வருகிறது என்று அர்த்தம். எந்தப் பக்கம் என்று ரேடியோ சொல்லாது. பனி போய்விட்டால் ரேடியோவுக்கும் வேலை இல்லை.

அடுத்த அடி 2014-இல். 'பி.டி.' என்ற சின்ன முன்னோட்ட விளையாட்டு பிளேஸ்டேஷன் 4-இல் இலவசமாக வந்தது. ஒரே நடைபாதை, திரும்பத் திரும்ப. அதைக் கடைசி வரை ஆடி முடித்தவர்களுக்கு விளையாட்டு இயக்குநர் ஹிடியோ கோஜிமாவும் திரைப்பட இயக்குநர் கியேர்மோ டெல் டோரோவும் சேர்ந்து புதிய சைலன்ட் ஹில் செய்கிறார்கள் என்ற செய்தி காத்திருந்தது. அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் இந்தத் தொடருக்குக் கிடைத்ததே இல்லை. 2015 ஏப்ரலில் திட்டத்தைக் கைவிட்டார்கள். பி.டி.யையும் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதைப் பதிவிறக்கி வைத்திருந்த பழைய கருவிகளைச் சிலர் இன்னும் விற்காமல் வைத்திருக்கிறார்கள்.

ஆக, 2022 அக்டோபர் அறிவிப்பைப் பார்த்தவர்கள் இரண்டு தடவை ஏமாந்தவர்கள். நிறுவனம் மாறிவிட்டது என்று நம்ப அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

யாரிடம் கொடுத்தார்கள்?

புளூபர் டீம் அதற்கு முன் செய்தவை 'லேயர்ஸ் ஆஃப் ஃபியர்', 'அப்சர்வர்', 'பிளேர் விட்ச்', 'தி மீடியம்'. பெரும்பாலும் நடந்து நடந்து பார்க்கும் திகில் விளையாட்டுகள். சண்டை அவர்களுக்குப் பழக்கமில்லாத இடம். இது ஒரு கவலை.

இன்னொரு கவலை இதைவிட ஆழமானது, நியாயமானதும்கூட. 2021-இல் வந்த 'தி மீடியம்' சிறுவயதுக் கொடுமையையும் அதனால் வரும் மன வலியையும் கையாண்ட விதம் கடுமையான விமர்சனத்துக்கு ஆளாகியிருந்தது. வலியை ஒரு பூதமாக்கி, அதைக் கொன்றால் தீர்ந்தது என்ற மாதிரி கதை சொல்பவர்களிடம் ஏஞ்சலாவை எப்படிக் கொடுப்பது? ஏஞ்சலா தன் அப்பாவால் சீரழிக்கப்பட்ட பெண். அவளுக்கு அந்த ஊர் ஜேம்ஸுக்குத் தெரிவது போலத் தெரியாது, எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். 2001-இல் அந்தக் குழு அவளை எழுதிய நிதானத்தை இன்றும் பல விளையாட்டுகள் எட்டவில்லை.

யமவோகாவும் இட்டோவும் திரும்ப வருகிறார்கள் என்றது மட்டும் ஒரு பிடிமானம். அந்த இரண்டு பெயர்களைச் சொல்லித்தான் ரசிகர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். நானும் அதைச் சொல்லிக்கொண்டவன்தான்.

முகமும் கட்டையும்

முதல் டிரெய்லரிலேயே ஜேம்ஸின் முகம் பிரச்சினையானது. வயதாகிவிட்டது, சோர்வாக இருக்கிறான், இது அவனே இல்லை என்றார்கள். 2024-இல் வந்த காட்சிகளில் முகம் மாறியிருந்தது. பிறகு ஏஞ்சலாவின் முகம், மரியாவின் உடை என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் நீண்டது. இதில் சில சண்டைகள் சைலன்ட் ஹில்லைப் பற்றியவையே இல்லை. பெண் பாத்திரங்கள் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எங்கே போனாலும் பேசும் ஒரு கூட்டம் இங்கேயும் வந்திருந்தது. அதை இதோடு சேர்க்க எனக்கு மனமில்லை.

2024 ஜனவரி கடைசியில் சோனியின் நிகழ்ச்சியில் வந்த சண்டை டிரெய்லர்தான் நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது. அசலில் ஜேம்ஸ் ஒரு குமாஸ்தா மாதிரி. ஆணி அடித்த மரக்கட்டையை வைத்துக்கொண்டு திக்கித் திணறி அடிப்பான். பாதி அடி காற்றில் போகும். டிரெய்லரில் வந்தவன் குனிகிறான், விலகுகிறான், சுடுகிறான், உடனே அடுத்த அரக்கன். ஒரு வருடத்துக்கும் மேலான காத்திருப்புக்குப் பின் கண்ணில் பட்டது யாரோ ஒரு சண்டை வீரன். புளூபரின் தலைவர் பியோட்டர் பாபியெனோவே, அந்த டிரெய்லர் விளையாட்டின் ஆன்மாவைக் காட்டவில்லை என்றும் விளம்பரம் கொனாமியின் பொறுப்பு என்றும் ஒரு பேட்டியில் சொல்ல நேர்ந்தது. செய்கிறவரும் விற்கிறவரும் இப்படி ஆளுக்கொரு பக்கம் பேசினால் வாங்கக் காத்திருப்பவன் யாரை நம்புவான்?

மே மாதக் கடைசியில் 13 நிமிடம் ஆடிக் காட்டிய பிறகுதான் குரல்கள் கொஞ்சம் தணிந்தன. நடை மெதுவாக இருந்தது. பனி கனமாக இருந்தது. ஊருக்குள் இறங்கும் அந்தக் காட்டுப் பாதையைக் குறுக்காமல் விட்டிருந்தார்கள். அசலிலும் அந்தப் பாதை மிக நீளம். ஒரு எதிரியும் வராது, ஒன்றும் நடக்காது, நடந்துகொண்டே இருக்க வேண்டும். திரும்பிப் போக முடியாத தூரம் வந்துவிட்டோம் என்று கால்களுக்குப் புரியும் வரை. பொறுமையில்லாத யாராக இருந்தாலும் முதலில் வெட்டும் இடம் அதுதான். அதைப் பார்த்துத்தான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

கைக்கு வந்த பிறகு

விமர்சகர்களின் மதிப்பெண் சராசரி நூற்றுக்கு 86 அளவில் நின்றது. சில நாட்களில் 10 லட்சம் பிரதிகள், 2025 ஜனவரிக்குள் 20 லட்சம். விக்கிபீடியா பக்கத்தில் அந்த மதிப்பெண்களைக் குறைத்துக் குறைத்துத் திருத்திய சிலரால் பக்கத்தையே பூட்ட வேண்டியிருந்தது. விளையாட்டு நன்றாக வந்துவிட்டது என்பதையே சிலரால் தாங்க முடியவில்லை.

ஏஞ்சலாவுக்கு என்ன ஆனது என்பதைத்தான் நான் முதலில் பார்த்தேன். ஓட்டலில் படிக்கட்டு எரியும் காட்சி. அவள் ஜேம்ஸைப் பார்த்து, என்னை நேசிப்பாயா, பார்த்துக்கொள்வாயா, என் வலியையெல்லாம் ஆற்றுவாயா என்று கேட்கிறாள். அவன் பதில் சொல்வதில்லை. அசலில் அந்த மௌனம் ஒரு பொம்மையின் மௌனம். முகத்தில் ஒன்றும் அசையாது. அந்த அசையாமையே நம்மைக் குத்தும். ரீமேக்கில் ஜேம்ஸாக நடித்த லூக் ராபர்ட்ஸின் முகம் கிட்டத்தில் தெரிகிறது. சொல்ல வாய் வராமல், பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கும் ஒரு மனிதன். அவள் திரும்பி நெருப்புக்குள் ஏறிப் போகிறாள். கூடுதலாக ஒரு வசனம் இல்லை. அவள் கதையை விளக்கவோ அழவைக்கவோ யாரும் முயலவில்லை. புளூபரைப் பற்றி நான் வைத்திருந்த பயத்தில் பாதி அந்தப் படிக்கட்டில் தீர்ந்தது.

மீதிப் பாதி அந்தக் கணக்கைப் பற்றியது. அதுவும் தப்பியது. மருந்து, கத்தி, மரியாவின் பக்கத்தில் நிற்பது என்று எல்லாவற்றையும் புதிய ஜேம்ஸும் சுமந்துகொண்டுதான் போகிறான், நமக்குத் தெரியாமல். பழைய முடிவுகளோடு புதிதாக இரண்டையும் சேர்த்திருக்கிறார்கள். பழையவற்றைத் தள்ளி வைத்துவிட்டுப் புதியவற்றுக்கு முன்னிடம் கொடுக்கவில்லை. எடுத்த எடுப்பில் எல்லோருக்கும் கிடைத்தும் விடாது.

சண்டை? பயந்த அளவு மோசம் இல்லை. ஜேம்ஸ் இன்னும் தடுமாறுகிறான், அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் மூச்சு வாங்குகிறது. மூலையில் அசையாமல் ஒட்டி நின்று காத்திருக்கும் மேனெக்வின்கள் என்ற பொம்மை உருவ அரக்கர்கள் நல்ல கற்பனை. ஆனால் எண்ணிக்கை கூடிவிட்டது. சிறைச்சாலைக்குப் போவதற்குள் பயம் வடிந்து அலுப்பு ஏறிவிடுகிறது. 8 மணி நேரத்தில் முடியும் கதையை அதைப்போல் இரண்டு மடங்கு நீட்டியதன் விலை அது. ரசிகர்கள் பயந்தது ஜேம்ஸ் வீரனாகிவிடுவான் என்று. கடைசியில் ஜேம்ஸ் வீரனாகவில்லை, வேலை பார்ப்பவனாகிவிட்டான்.

கேமரா

ரீமேக்கில் உண்மையிலேயே தொலைந்துபோனது இதுதான் என்று நான் நினைக்கிறேன். அதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. 2019-இல் கேப்காம் நிறுவனம் தன் பழைய திகில் விளையாட்டான 'ரெசிடென்ட் ஈவில் 2'-ஐத் தோளுக்குப் பின்னால் நிற்கும் கேமராவோடு மறுபடி செய்து பெரிய வெற்றி பெற்றது. அதற்குப் பிறகு இனி எல்லாம் இப்படித்தான் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அசலில் பல இடங்களில் கேமரா நம் பேச்சைக் கேட்காது. உத்தரத்தின் மூலையிலிருந்து பார்க்கும். ஜேம்ஸ் நம்மை நோக்கி நடந்து வருவான், அவன் எதைப் பார்க்கிறான் என்று நமக்குத் தெரியாது. ரேடியோ இரைகிறது, அவனுக்கு முன்னால் ஏதோ நிற்கிறது, திரைக்கு வெளியே. நமக்குத் தெரிவது அவன் முகம் மட்டும். வேறு யாரோ அவனை வேவு பார்க்கிற மாதிரி இருக்கும். அந்த 'யாரோ' நாம்தான் என்பது கடைசியில் அந்தக் கணக்கு தீரும்போது உறைக்கும். தோளுக்குப் பின்னால் கேமரா வந்ததும் நாமும் ஜேம்ஸும் ஒரே ஆளாகிவிடுகிறோம். அவன் பார்ப்பதை நாம் பார்க்கிறோம். அவன் மேல் பாசம் கூடுகிறது, அது உண்மை. ஆனால் அவனைச் சந்தேகப்பட இடமில்லை. தன் மனைவியைக் கொன்ற ஒருவனைப் பற்றிய கதையில் அந்தச் சந்தேகம் எனக்கு வேண்டியிருந்தது.

இதைப் புளூபரின் தவறு என்று சொல்ல மாட்டேன். 2024-இல் பெரிய பணம் போட்டுச் செய்யும் விளையாட்டில் அசையாத கேமராவை வைக்க எந்த வெளியீட்டாளரும் சம்மதித்திருக்க மாட்டார். அசலும் எளிதாக வாங்கக் கிடைத்தால் இந்தக் குறையே பெரிதாகத் தெரியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஆடிப் பார்த்துவிடலாம். 2001-இன் வடிவத்தை இன்று நல்ல நிலையில் ஆட வேண்டும் என்றால், பழைய கணினிப் பதிப்பை வருடக்கணக்கில் உட்கார்ந்து செப்பனிட்டு 'என்ஹான்ஸ்டு எடிஷன்' என்று இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கும் ரசிகர்களிடம்தான் போக வேண்டியிருக்கிறது. பனியை அதன் கனத்தில் திருப்பி வைத்தவர்கள் அவர்கள்.

ரீமேக்குக்குள் சிதறிக் கிடக்கும் விசித்திரமான 26 புகைப்படங்களை ஒரு ரசிகர் ஆராய்ந்தார். ஒவ்வொரு படத்தோடும் ஒரு வரி. படத்தில் உள்ள பொருட்களை எண்ணி, அந்த எண்ணுக்குரிய எழுத்தை அந்த வரியில் எடுத்துக் கோத்தால் ஒரு வாக்கியம் வந்தது: நீ இருபது வருடங்களாக இங்கேயே இருக்கிறாய். படைப்பு இயக்குநர் மாதேயுஷ் லெனார்ட் அதுதான் விடை என்று உறுதிப்படுத்தினார். அதை ஜேம்ஸுக்குச் சொன்னதாகவும் வைத்துக்கொள்ளலாம். படித்த அன்று எனக்குச் சொன்னது போலத்தான் இருந்தது.

2025 ஜூனில் முதல் பாகத்தையும் புளூபர்தான் மறுபடி செய்யப்போகிறது என்று கொனாமி அறிவித்தது. இந்தத் தடவை யாரும் முகத்தைப் பற்றி முதலில் கவலைப்படவில்லை. முதல் பாகத்தின் தொடக்கத்தில் அதன் நாயகன் ஹாரி தன் மகளைத் தேடி ஒரு சந்துக்குள் ஓடுவான். இருட்ட இருட்ட கேமரா தலைக்கு மேலே ஏறும், சாயும், சுற்றும், அவனைத் தொடரும், சில நேரம் முந்திக்கொண்டு போய் நிற்கும். 1999-இல் அந்தச் சந்துக்குள் ஓடிய யாருக்கும் அந்தக் கேமரா மறக்காது. அதைத் தோளுக்குப் பின்னால் கட்டி வைத்துவிட்டு அந்தச் சந்துக் காட்சியை எப்படிக் காட்டுவார்கள் என்று நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.